தம் கட்டும் பழக்கம்

எழில்மொழி தன் ஊரை மேலிருந்து பார்த்ததெல்லாம் கையகலத் திரை ஒன்றில்தான். மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டுவது அவள் வேலை. மன்னார்குடிக்குத் தெற்கே பாமணி ஆற்றங்கரையில் இருக்கிற கீழநத்தத்தில், மகளிர் குழுவில் பன்னிரண்டாவது முடித்தவள் அவள் ஒருத்திதான் என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனவள் உரிமத்தோடு திரும்பி வந்தாள். அதற்கு முன்பெல்லாம் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு பயிருக்குள் நடந்து, மருந்து நெடியில் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்து, மறுபடியும் எழுந்து நடக்க வேண்டும். இப்போது வரப்பில் நின்றபடியே வேலை முடிகிறது.

வேலையில் அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. கிளப்புவதற்கு முன் ஒவ்வொரு இறக்கையின் திருகாணியையும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். மருந்து வழியும் துளைகளை ஊதிப் பார்ப்பாள். நிலத்துக்காரர்களுக்குப் பொறுமை இருக்காது.

“பச்ச லைட்டு எரியுதுல்லம்மா, கெளப்பு.”

“அதுக்குத் தெரிஞ்சத அது சொல்லுது. மிச்சத்த நான்தாங்க பாக்கணும்.”

வயல் முடிந்து தொட்டி காலியானதும் ட்ரோனை உடனே இறக்க மாட்டாள். சட்டம் விடுகிற உயரம் வரைக்கும் ஏற்றி அங்கேயே நிறுத்திவைத்து, முந்தானையால் திரைக்கு நிழல் கட்டிக்கொண்டு பார்ப்பாள். வரப்புகள் கோடாகும். பாமணி ஆறு வளைந்து போகும். வடக்கே மன்னார்குடிக் கோபுரம் விரல் நகம் அளவுக்கு நிற்கும். அதற்கு அப்பால் எல்லாம் புகைமூட்டம்.

“என்னடி அப்படிப் பாக்குற? ஒன் மாமியா வீடு தெரியுதா?” என்பாள் நடவு ஆள்களைக் கூட்டிவரும் குந்தவை.

“தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்குறேன்.”

“மேட்டூருலேருந்து வருது. இதுக்கு ஒரு மிஷினு வேற.”

குந்தவை சொன்னது சரிதான். ஆனால் எழில்மொழிக்கு அது கேட்டுத் தெரிந்த சேதி. கல்லணையில் பிரிந்து, நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, அவள் வீட்டுக் கொல்லையைத் தொட்டுக்கொண்டு முத்துப்பேட்டைக் கடலில் போய் விழுகிற அந்தத் தண்ணீரை, வருகிற இடமும் போகிற இடமும் ஒரே பார்வையில் தெரியும்படி ஒரு தடவை பார்க்க வேண்டும். இந்த ஆசை எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. திரையில் ஒவ்வொரு முறையும் படம் புகையில் போய் முடியும்போது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனம் அடித்துக்கொள்ளும். ட்ரோன் அதற்கு மேல் போகாது.

தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் வல்லத்துச் செம்மண் மேட்டில் சென்னைக் கம்பெனி ஒன்று இடம் எடுத்திருந்தது. நிலத்தைப் படம் எடுக்க ட்ரோன் ஓட்டுபவர் வேண்டும் என்று எழில்மொழியைக் கூப்பிட்டார்கள். போன இடத்தில், கொட்டகைக்குள் ஒரு வெள்ளைக் கூண்டு நின்றது. நெல் அவிக்கிற அண்டாவைக் கவிழ்த்தது போன்ற உருவம். சுற்றிலும் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள்.

அங்கே பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவள் ஷோபனா. கும்பகோணத்துப் பெண். கூண்டைப் பார்த்து நின்றவளிடம் அவளே வந்து பேசினாள். ராக்கெட் இல்லை, நெருப்பு இல்லை. பெரிய பலூன் ஒன்று இதைத் தூக்கிக்கொண்டு மெதுவாக மேலே போகும். விமானம் பறக்கிற உயரத்தைப் போல மூன்று மடங்கு. பலூனுக்கு வேண்டிய வாயுவைச் சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தே எடுத்துக்கொள்கிறார்கள். இறங்கிய பிறகு பலூன் உறை ஒரு கிழிசல்கூட வயலில் கிடக்காது. பொறுக்கி எடுத்து, உருக்கி, இயந்திர நடவுக்கான நாற்றுத் தட்டாக வார்க்கக் கொடுத்துவிடுவார்கள்.

“விண்வெளிக்கா மேடம்?”

“வாசல் வரைக்கும். உள்ள போக மாட்டோம். ஆனா பகல்லயே வானம் கறுப்பாத் தெரியும். பூமி வளைஞ்சு தெரியும்.”

“கல்லணையும் கடலும் ஒண்ணாத் தெரியுமா?”

“எலங்கையே தெரியும்க்கா.”

எழில்மொழி ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இதுல யாரு போவாங்க?”

“உங்கள மாதிரி யாராவது.”

“வெளையாடாதீங்க மேடம்.”

“நெசமாத்தான். வைரம் பாஞ்ச ஒடம்பா நாலு பேரத் தேடிப் புடிச்சு ஏத்தி எறக்கிட்டு, பத்திரம்னு சொல்லிக்கலாம். அதுக்கு என்ன அர்த்தம்? பி.பி. மாத்திர போடுறவங்க, கண்ணாடி போட்டவங்க, ரெண்டு புள்ள பெத்தவங்க, இங்கிலீஷ் வராதவங்க, இவங்க ஏறிட்டு நல்லபடியா எறங்கினாத்தான் எல்லாருக்கும் பத்திரம். மொதல்ல போறதுல பாதி எடம் அப்படிப்பட்டவங்களுக்குத்தான்.”

எழில்மொழி இரண்டு பிள்ளை பெற்றவள். கண்ணாடியும் உண்டு. அவள் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் யாரும் பெரிதாக மறுக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற கணவர் போனில், “ஏறுறது சரி, எறங்குவியா?” என்று மட்டும் கேட்டார். அண்ணன் இளையபெருமாள்தான் தாம்தூம் என்று குதித்தார். மூத்தவருக்கு இளையபெருமாள் என்று பெயர் வைத்தது அப்பாவின் வேடிக்கை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆற்று மதகுகளைத் திறந்து மூடுகிற லஸ்கர் வேலை. குதித்தது கோபத்தில் என்று எழில்மொழி நினைத்தாள். கடைசியில் பார்த்தால், தெருவில் யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல்தான் குதித்திருக்கிறார்.

பயிற்சிக்கு ஆறு பேர் வந்தார்கள். இருக்கை நான்கு. எழில்மொழிக்குப் பக்கத்து இருக்கை கூத்தாநல்லூர் சித்தீக்குக்கு. பாதி வாழ்க்கை சவூதியில் கழித்து வந்து, இப்போது ஊரில் செல்போன் கடை வைத்திருப்பவர். பி.பி. மாத்திரை டப்பா சட்டைப் பையிலேயே இருக்கும்.

“நான் பொறக்காத நாட்டுக்கே அத்தன தடவ பறந்திருக்கேன் தங்கச்சி. இது என்ன, நம்ம தலைக்கு மேலதானே” என்றார் முதல் நாள்.

பயிற்சியில் பெரும்பாலும் எளிதான காரியங்கள்தான். கஷ்டம் ஒன்றே ஒன்றில் வந்தது. மேலே இருக்கும்போது கூண்டில் எங்காவது காற்று கசிந்தால் என்ன செய்வது என்கிற ஒத்திகை. மணி அலறும். உள்ளே பனிமூட்டம் போல வெள்ளைப் புகை பரவும். போட்டிருக்கிற உடுப்பு தானாக ஊதிக்கொண்டு உடம்பைக் காப்பாற்றும். ஆனால் அது ஊதுவதற்குள் போகிற அந்த முதல் நொடியில், நெஞ்சிலிருக்கிற காற்றை வெளியே விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டுத் தலைக்கவசக் கண்ணாடியை இழுத்து மூட வேண்டும்.

“கொடைக்கானல் போறப்ப சிப்ஸ் பாக்கெட் உப்புறதப் பாத்திருக்கீங்கல்ல? வெளியில அமுக்கம் கொறைஞ்சா உள்ள இருக்கற காத்து வீங்கும். நீங்க வாய மூடிக்கிட்டீங்கன்னா ஒங்க நொரையீரல்தான் அந்தப் பாக்கெட்டு” என்றாள் ஷோபனா.

முதல் ஒத்திகையில் மணி அலறியது. ‘மூச்சை விடுங்கள்!’ என்று பதிவு செய்த குரல் கூவியது. புகை அடங்கியபோது சித்தீக் கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக இழுத்து விட்டு, இழுத்து விட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாய் பண்றீங்க?”

“மூச்சு விடுறேம்மா. அதத்தானே சொல்லிச்சு?”

“விடுங்கன்னா வெளிய விடுங்க!”

“அப்ப உள்ள இழுக்குறதுக்கு என்னம்மா பேரு?”

ஷோபனா வாயைத் திறந்தாள். “அதுவும்... மூச்சு விடுறதுதான்” என்றாள். சொல்லிவிட்டு அவளே தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆறு பேரில் மூன்று பேர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். ‘வாயைத் திறந்து காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்’ என்று மாற்றிப் பார்த்தார்கள். குரல் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த முதல் நொடி போயே போய்விட்டது.

எழில்மொழியின் சிக்கல் வேறு. அவளுக்கு அர்த்தம் ஒழுங்காகவே புரிந்தது. ஆனாலும் மணி அலறிய கணத்தில் அவள் உடம்பு அவள் சொன்னதைக் கேட்கவில்லை. ஷோபனா படத்தைப் போட்டுக் காட்டினாள். உதட்டை இறுக்கி, கன்னத்தை உப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு முகம்.

“எழிலக்கா, தம் கட்டுறீங்க.”

எழில்மொழி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அவளுடையதுதான், வயது மட்டும் அவளுடையது இல்லை. அந்த முகத்துக்கு ஏழு வயது. மேட்டூர் திறந்து புதுத்தண்ணி வந்த நாளில், படித்துறையில் கால் வழுக்கி ஆற்றில் விழுந்து, மதகுக் கதவுக்கு அடியில் இழுபட்டு, மறுபக்கம் கிளம்பிய பிள்ளையின் முகம். ஆற்றங்கரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் நடக்கத் தெரிவதற்கு முன்பே தம் கட்டத் தெரியும். அன்றைக்கு அதுதான் அவளைக் காப்பாற்றியது. ‘மதகுக்குள்ள பூந்து வந்தவ’ என்று ஊரில் இன்னமும் அவளைச் சொல்வார்கள். ஆபத்து என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் உடம்பு அன்றைக்கு ஒரே பாடத்தைப் படித்தது. அந்தப் பாடம்தான் மேலே ஆளைக் கொல்லும் என்கிறார்கள்.

இரண்டாவது ஒத்திகையிலும் அதே முகம். மூன்றாவதிலும் இப்படியே ஆனால் இருக்கை கிடையாது என்று ஷோபனா சொல்லாமல் சொன்னாள்.

விஷயம் தெரிந்ததும் இளையபெருமாள் தங்கச்சியைத் திருத்துகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். டீ குடிக்கும்போது பின்னால் வந்து தட்டைத் தட்டுவார். கதவோரம் ஒளிந்திருந்து “ஏய்!” என்பார். ஒவ்வொரு தடவையும் முன்னால் ஓடிவந்து அவள் கன்னத்தைப் பார்ப்பார்.

“உப்பிருச்சு.”

“சும்மா இருண்ணே, டீ கொட்டுது.”

“டீ போனாப் போவுது. ஒனக்குச் சீட்டு போயிரக் கூடாது.”

தீபாவளி நெருங்கிய சமயம். இரண்டாம் போகத் தாளடி நடவு கடைசி வயலுக்கு வந்திருந்தது. எழில்மொழி வரப்பில் நின்று ட்ரோனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இளையபெருமாள் பூனை மாதிரி வந்து அவளுக்குப் பின்னால் லட்சுமி வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார். வெடித்த வெடியில் நடவுப் பெண்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். எழில்மொழியிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை.

“அடக் கட்டையில போறவனே, நாத்து கையிலேருந்து விழுந்திருச்சு!” என்று குந்தவை சேற்றை அள்ளி எறிந்தாள். பிறகு எழில்மொழியைப் பார்த்தாள். “நீ என்னடி தவக்கள மாதிரி உப்பிக்கிட்டு நிக்குற?”

எழில்மொழி விஷயத்தைச் சொன்னாள்.

“இவ்வளவுதானா? பயமா இருந்தா வாயத் தொறந்து கத்தித் தொலையேன்.”

“கத்த வரலியே.”

“ஒனக்குக் கத்த வராது, அமுக்கினி. கொலவ வருமில்ல?”

பேச்சு அதோடு நின்றது. கடைசி நாற்று முடியை நட்டுவிட்டுப் பெண்கள் நிமிர்ந்து, வழக்கம் போலக் குலவை போட்டார்கள். கூட நின்ற எழில்மொழியும் பழக்கத்தில் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். போட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சுரீர் என்றது. குலவை போடப் போட நெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. குலவை போட்டுக்கொண்டே தம் கட்ட யாராலும் முடியாது.

அதற்குப் பிறகு பயந்தால் குலவை என்று பழகினாள். இளையபெருமாள் தட்டைத் தட்டினால் குலவை. குக்கர் விசிலுக்குக் குலவை. மன்னார்குடி பஸ்ஸில் நடத்துநர் காதோரம் விசில் ஊதியபோது அவளிடமிருந்து கணீரென்று ஒரு குலவை கிளம்பி, முன்சீட்டுப் பெரியவர் திரும்பி, “எந்தக் கோயில்லம்மா திருவிழா?” என்று விசாரித்தார்.

மூன்றாவது ஒத்திகையில் மணி அலறியதும் கூண்டுக்குள் குலவைச் சத்தம் கிளம்பியது. ஷோபனா படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். முதல் நொடியிலேயே வாய் திறந்திருந்தது. மறுநாள் பதிவுக் குரலை அழித்துவிட்டு ஒரே வார்த்தையைப் பதிந்தாள்: ‘குலவை!’

“எங்க வீட்டுக் கல்யாணத்துலயும் பொம்பளைங்க போடுவாங்க. நான் போட்டா எம் பொஞ்சாதி மெஹராஜ் என்ன நெனைப்பா?” என்று சித்தீக் நெளிந்தார். ஒரு வாரத்தில் அந்த ஆறு பேரில் நீளமாகக் குலவை போடுகிறவர் அவர்தான் என்று ஆகிவிட்டது.

நான்கு பேரில் எழில்மொழியும் ஒருத்தி என்று முடிவானது. அன்று மாலையே கீழநத்தம் பஸ் நிறுத்தத்தில் பேனர் ஏறியது. ‘விண்வெளி செல்லும் எங்கள் வீட்டுச் செல்வம் எழில்மொழியை வாழ்த்தி வழியனுப்பும் அன்பு அண்ணன்’. பேனரில் பாதியை அண்ணனே அடைத்திருந்தார்.

“வாசல் வரைக்கும்தாண்ணே. விண்வெளி இல்ல.”

“வாசல்னு போட்டா நல்லாவா இருக்கு?”

எழில்மொழி சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து ட்ரோனை உயர்த்திப் பார்த்தபோது, புகையில் முடிகிற படம் முதல் தடவையாக அவளை வருத்தவில்லை. இன்னும் கொஞ்ச நாள் என்று அதனிடம் சொல்லிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்தது. இருக்கை வாரை அளவு பார்க்க வேண்டும் என்று நால்வரையும் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். ஒத்திகை எதுவும் இல்லை. வல்லம் கடைப் பரோட்டாவா, கூத்தாநல்லூர்ப் பரோட்டாவா என்று சித்தீக் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். திடீரென்று விளக்கு அணைந்தது. காதருகே சீறல். மணி இல்லை, குரல் இல்லை. முகத்தில் சில்லென்று புகை.

இருட்டில் நான்கு குலவைகள் எழுந்தன. விளக்கு வந்தது. ஷோபனா வெளியிலிருந்து கை தட்டினாள்.

“சொல்லாமச் செஞ்சதுக்கு மன்னிச்சுக்குங்க. எல்லாரும் பாஸ்!”

சித்தீக் நெஞ்சில் கை வைத்து, “ஏம்மா, மாத்திர போடுற ஆளும்மா நானு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எழில்மொழியும் சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு இல்லை. அவளுக்குத் தெரியும். விளக்கு அணைந்ததும் அவளுக்கு வந்தது குலவை இல்லை. தொண்டை அடைத்து, உதடு இறுகி, கன்னம் உப்பியது. பக்கத்தில் சித்தீக்கின் குலவை கேட்டது. அதைக் கேட்டுத்தான் அவளுக்குக் குலவை ஞாபகம் வந்தது. கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்தைப் பற்றித்தான் இத்தனை மாதமும் பேசியிருக்கிறார்கள்.

யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த வாரம் இந்நேரம் கல்லணையும் கடலும் ஒரே பார்வையில். தஞ்சாவூர் தாண்டும் வரைக்கும் அவள் அப்படியே இருந்துவிடுவதாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரத்தநாட்டில் ஒருமுறை மனம் மாறியது. மன்னார்குடியில் இறங்கும்போது மறுபடியும் பழைய முடிவுக்கே வந்திருந்தாள்.

மறுநாள் காலையில் உளுந்துக்கு மருந்தடிக்க ட்ரோனை வரப்பில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. விரல் தானாகப் போய்த் திருகுகளைத் தொட்டது. மூன்று இறுக்கமாக இருந்தன. நாலாவதும் இறுக்கமாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் அவளால் கிளப்ப முடியவில்லை. நிலத்துக்காரரிடம் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வல்லத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஷோபனா படத்தை மறுபடியும் ஓட்டினாள். இருட்டும் புகையும்தான் தெரிந்தன.

“கேமராவுல ஒண்ணும் தெரியலியேக்கா.”

“கேமராவுக்குத்தான் இருட்டு. எனக்குத் தெரிஞ்சுது.”

“ஒரு செகண்டு கூட இருக்காது.”

“அந்த ஒரு செகண்டுக்குத்தானே பாடம் நடத்துனீங்க?”

ஷோபனா பேனாவை மூடி மூடித் திறந்தாள். “சொல்லாம இருந்திருக்கலாமேக்கா நீங்க” என்றாள் மெதுவாக. பொறுப்பில் இருப்பவள் பேசுகிற பேச்சாக அது இல்லை.

“இருக்கலாம். மேல போயி எனக்கு ஒண்ணு ஆச்சுன்னு வையிங்க. அப்பறம் எங்கள மாதிரி ஆளுங்கள ஏத்துவீங்களா? பழையபடி வைரம் பாஞ்ச ஒடம்பாத் தேடிக்கிட்டுப் போயிருவீங்க. எனக்குக் கெடைக்காட்டிப் போவுது, கதவையே சாத்திட்டு வந்தவளா நான் இருக்கக் கூடாது.”

சொல்லும்போது திடமாகத்தான் சொன்னாள். “அப்ப இந்தத் தடவ இல்லக்கா” என்று ஷோபனா சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். ஜன்னலோரம் அவள் இருக்கையில் அவள் அளவுக்கு இறுக்கிய வார் இன்னும் அப்படியே கிடந்தது.

“அடுத்த தடவ?”

“திரும்பவும் பழகிப் பாக்கலாம். ஒடம்பு கேட்டுச்சுன்னா ஏத்துவோம். வாக்குக் குடுக்க முடியாதுக்கா.”

“குடுக்காதீங்க” என்றாள் எழில்மொழி.

அண்ணனிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து கதவுச் சக்கரத்துக்கு மசகு தடவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். தடவி முடித்தார். துணியில் கையைத் துடைத்தார்.

“நீயாப் போயிச் சொன்னியா?”

“ம்.”

“யாரும் கேக்கல?”

“இல்ல.”

இளையபெருமாள் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். மூக்கை உறிஞ்சினார்.

“அந்த பேனர எறக்கிருண்ணே. போற வர்றவங்க கேப்பாங்க.”

“எதுக்கு எறக்கணும்? செல்லும்னுதான் போட்டிருக்கேன். என்னைக்குன்னு தேதி போட்டேனா?”

தை மாதக் கடைசியில், காற்றே இல்லாத ஒரு விடியலில் பலூன் கிளம்பியது. எழில்மொழி போகாமல் இருந்திருக்கலாம். இறங்குகிற நிலத்தைப் படம் எடுக்க ட்ரோன் ஓட்ட வருகிறீர்களா என்று ஷோபனா கேட்டபோது, வருகிறேன் என்று அவள் உடனே சொன்னதற்கு ஷோபனாவே ஆச்சரியப்பட்டாள்.

செம்மண் மேட்டில் வெள்ளைத் தோல் மாதிரிச் சுருண்டு கிடந்தது மெல்ல மெல்ல நிமிர்ந்தது. சத்தமே இல்லை. தரையை விட்டது எப்போது என்றுகூடத் தெரியவில்லை. பார்த்தபோது கூண்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் வெளிச்சம் இருந்தது. ஜன்னலில் சித்தீக்கின் கை ஆடியது. அவருக்குப் பக்கத்தில், எழில்மொழியின் இருக்கையில், காத்திருந்த இருவரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எழில்மொழி அண்ணாந்தே நின்றாள். பலூன் நிலவளவு ஆனது. பிறகு நெல்மணி அளவு. கழுத்து வலித்தது. பக்கத்தில் நின்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். வானத்தில் இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும், அது இருந்த இடத்தை அவள் கண் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது.

மத்தியானத்துக்குள் புதுக்கோட்டைப் பக்கத்துத் தரிசில் கூண்டு இறங்கியது. கம்பெனி வண்டியில் எழில்மொழியும் அங்கே போய்ச் சேர்ந்தாள். நால்வரும் நல்லபடியாக இருந்தார்கள். டாக்டர் பார்த்து முடித்ததும், சித்தீக் ஒரு கருவேல மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். மாத்திரை டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பலூன் உறையை மடிக்கிறவர்களோடு நின்ற எழில்மொழி, கையைத் தட்டிக்கொண்டு வந்து அவர் எதிரே குந்தினாள்.

“பாய், கல்லணை தெரிஞ்சுதா?”

சித்தீக் நிமிர்ந்து பார்த்தார். “தெரியல தங்கச்சி.”

“மூணாறு தலைப்பு?”

“எதும்மா அது?”

“நீடாமங்கலத்துல. ஆறு மூணாப் பிரியுமே.”

“எல்லாம் பிரிஞ்சுதாம்மா கெடந்துச்சு. ஒரு பெரிய விசிறிய விரிச்சுப் போட்ட மாதிரி. வெள்ளி நூலு வெள்ளி நூலா. எல்லா நூலும் கடல்ல போயி முடிஞ்சுது. அதுல எது ஒன் ஆறு, எது என் ஆறுன்னு...” அவர் குரல் கரகரத்தது. “நான் அழுதுக்கிட்டே இருந்தேம்மா. கண்ணாடியெல்லாம் ஆவி பூத்துருச்சு.”

எழில்மொழி பக்கத்தில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்தாள். செம்மண்ணில் ஒரு கோடு இழுத்து, அதைப் பிரித்து, பிரிந்ததை மறுபடி பிரித்தாள்.

“இப்படியா இருந்துச்சு?”

சித்தீக் குனிந்து பார்த்தார். “இன்னும் அகலம்.”

அவள் அழித்துவிட்டு அகலமாக இழுத்தாள்.

“இங்க வளைஞ்சுதா? இது வெண்ணாறு. ஒங்க ஊரு இது கரையிலதான். இந்த எடத்துல கறுப்பா ஒண்ணு தெரிஞ்சிருக்குமே, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு?”

“தெரியலம்மா. பாத்தேன், ஆனா தெரியல.” சித்தீக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ ஒரு நாள் போயிட்டு வந்து, நான் எதப் பாத்தேன்னு எனக்குச் சொல்லு.”

எழில்மொழி மறுபடியும் குச்சியை ஊன்றினாள். பாமணி ஆற்றை மட்டும் தனியாக, மெதுவாக, ஒவ்வொரு வளைவும் சரியாக வரும்படி தெற்கே இழுத்துக்கொண்டு போனாள். மன்னார்குடி தாண்டியது. கீழநத்தம் தாண்டியது. முத்துப்பேட்டைக்கு வந்ததும் குச்சி நின்றுவிட்டது. கடலை எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.